ஜாஸ் வாசிக்க எந்த ஆம்ப் வாங்கலாம்?

கிட்டார் பிடித்து இரண்டு மூன்று வருடம் ஆன பிறகு ஜாஸ் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சோர்ந்து போகிறார்கள். புத்தகத்தைப் பார்த்து சி மேஜர் 7 என்ற கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டை, பிடிக்கிறார்கள். விரல்கள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஆம்ப்பிலிருந்து (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) வருவது குழைந்த கஞ்சி போன்ற ஒரு சத்தம். சி, இ, ஜி, பி என்று நான்கு நோட்டுகள் தனித்தனியாகக் கேட்க வேண்டிய இடத்தில் எதுவும் பிரிந்து கேட்பதில்லை.

எனக்கும் இது நடந்தது. ராக் வாசிக்க வாங்கிய பத்து வாட் ஆம்ப் ஒன்று வீட்டில் இருந்தது. அதிலேயே ஜாஸ் கார்ட்களைப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கோளாறு இடது கையில்தான் என்று நினைத்து ஆறு மாதம் விரல் பயிற்சி செய்தேன். அப்புறம் ஒருநாள் நண்பர் வீட்டில் அதே கிட்டாரை வேறு ஓர் ஆம்ப்பில் செருகி அதே கார்டை வாசித்தேன். நான்கு நோட்டும் நான்கு பேர் பாடுவது போலக் கேட்டது. அந்த ஆறு மாதத்தை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த நிறுவனம், எந்த மாடல் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஜாஸுக்கு ஆம்ப் ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பது புரிந்துவிட்டால், மாடலை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

சங்கராபரணத்துக்குள் நுழையும் தப்பு நிஷாதம்

ராக் கிட்டாரில் கேட்கும் அந்தக் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். ஆம்ப் தன்னால் தாங்க முடியாத அளவு சிக்னலைப் பெறும்போது, ஒலி அலையின் உச்சியையும் பள்ளத்தையும் வெட்டிவிடுகிறது. அலை வெட்டுப்படும்போது, நீங்கள் வாசிக்காத புதிய ஒலிகள் அதில் பிறக்கின்றன. ஒரே ஒரு நோட்டு வாசித்தால் அந்தப் புதிய ஒலிகள் அதே நோட்டின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உறவுக்காரர்களாகவே இருக்கும். காதுக்கு அது தடிமனாக, வீரியமாகக் கேட்கும். இரண்டு நோட்டுகளைச் சேர்த்து வாசித்தால்தான் சிக்கல். இரண்டின் அதிர்வெண்களையும் கூட்டினால் வரும் ஒலியும், கழித்தால் வரும் ஒலியும், இன்னும் பலவும் கூடவே முளைக்கின்றன.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ராக்கில் அதிகம் வாசிக்கப்படும் பவர் கார்ட் என்பது சி, ஜி என்ற இரண்டே நோட்டு. நம் கணக்கில் ஸ, ப. கீழ் சி 130.8 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே உள்ள ஜி 196 ஹெர்ட்ஸ். கழித்தால் 65.2. அது என்ன ஒலி என்று பார்த்தால், கிட்டத்தட்ட இன்னும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சி. டிஸ்டார்ஷன் இங்கே புதிதாகக் கொண்டுவருவது மந்திர ஸட்ஜத்தை. கார்டுக்கு இலவசமாக ஒரு பேஸ் கிடைத்த மாதிரி. ராக் கிட்டாரிஸ்டுகள் பவர் கார்டையும் டிஸ்டார்ஷனையும் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது சி மேஜர் 7. அதில் உள்ள சி 261.6 ஹெர்ட்ஸ், மேலே உள்ள பி 493.9 ஹெர்ட்ஸ். கழித்தால் 232.3. அது பி ஃப்ளாட். கார்டில் இல்லவே இல்லாத நோட்டு மட்டுமல்ல, கார்டில் இருக்கும் பி-யோடு நேரடியாக மோதுகிற நோட்டு. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் பி என்பது காகலி நிஷாதம், பி ஃப்ளாட் என்பது கைசிகி நிஷாதம். ஒருவர் சங்கராபரணம் பாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் அரிகாம்போதியின் நிஷாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஆம்ப் அதைத்தான் செய்கிறது. ஜாஸில் வரும் ஒன்பதாவது, பதின்மூன்றாவது நோட்டுகளையும் சேர்த்துக்கொண்டால் இந்த மோதல் பல மடங்காகும். நான் கேட்ட கஞ்சிச் சத்தம் இதுதான்.

ஆகவே ஜாஸ் ஆம்ப்பிடம் நாம் எதிர்பார்ப்பது முதலில் ஒன்றுதான்: வாசிக்காத நோட்டை அது சேர்க்கக் கூடாது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஜான் ஸ்கோஃபீல்டு என்ற ஜாஸ் கிட்டாரிஸ்ட் கொஞ்சம் கரகரப்போடுதான் வாசிப்பார், அதுவும் அசல் ஜாஸ்தான். ஆனால் எந்தக் கார்டில் எவ்வளவு கரகரப்பு தாங்கும் என்பது அவருக்குக் கைவந்த விஷயம். தொடங்குகிறவர் முதலில் சுத்தமான ஒலியில் காதைப் பழக்குவதே நல்லது.

ஹெட்ரூம்

ஜாஸ் கிட்டாரிஸ்டுகள் அடிக்கடி சொல்லும் சொல் இது. பழைய வீடுகளின் நிலைவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். குள்ளமானவர் நிமிர்ந்தபடி போய்விடுவார். உயரமானவர் குனிய வேண்டும், மறந்தால் தலையில் இடிக்கும். ஆம்ப்பும் ஒரு வாசல்தான். சிக்னல் தலையில் இடிக்காமல் நிமிர்ந்து போவதற்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதோ அதுதான் ஹெட்ரூம். மெதுவாகத் தடவி வாசிக்கும்போது எல்லா ஆம்ப்பும் சுத்தமாகத்தான் கேட்கும். ஐந்து கம்பிகளில் ஒரு கார்டை அழுத்தி அடித்தால், அந்த ஒரு கணத்துக்கு சிக்னல் பல மடங்கு எகிறும். அப்போது இடிக்கிறதா என்பதே கேள்வி.

ஹெட்ரூம் என்றதும் எல்லோரும் வாட் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். அது முக்கியம்தான், ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சக்தி சுமார் பத்து மடங்கு ஏற வேண்டும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். ஃபெண்டர் நிறுவனத்தின் ஆம்ப்புகளில் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், ட்வின் ரிவெர்ப் 85 வாட். காகிதத்தில் நான்கு மடங்கு. காதில் வித்தியாசம் சுமார் 6 டெசிபல், அதாவது இரண்டு மடங்குகூட இல்லை. ட்வினில் இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரின் திறனும் இதில் சேரும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 97 டெசிபல் தரும், இன்னொன்று 100 தரும். அந்த மூன்று டெசிபல், ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற நாம் இந்த எண்ணைக் கேட்பதே இல்லை.

ஆம்ப் இல்லாமலும் வாசித்தார்கள்

1937இல் ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், 1987இல் இறக்கும்வரை அங்கேயே வாசித்தார். ஒரு தாளத்துக்கு நான்கு அடி, பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக் கிட்டார், ஆம்ப் கிடையாது. டிரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் வரிசைகளுக்கு நடுவே அந்தக் கிட்டாரைக் காதால் கேட்பதைவிட உணர்வதுதான் அதிகம். தாளம் போட அது போதும். தனியாக ஒரு சோலோ வாசிக்க வேண்டுமென்றால் போதாது.

கிப்சன் நிறுவனம் 1936இல் இஎஸ் 150 என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தது. கிட்டாரும் ஆம்ப்பும் கேபிளும் சேர்த்து சுமார் 150 டாலர், பெயரில் உள்ள எண்ணே அதுதான் என்பார்கள். ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் அந்தக் கிட்டாரோடு 1939இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். சாக்ஸபோன்காரர் போல ஒற்றை நோட்டில் நீளமான சோலோக்கள் வாசித்தார். கிட்டார் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது இப்படித்தான். நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸில் அவர் இரவெல்லாம் வாசிப்பார். அவருக்காகவே ஓர் ஆம்ப்பை அங்கே நிரந்தரமாக வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். 1942இல் இறந்தபோது அவருக்கு 25 வயது.

அவர் வைத்திருந்த இஎச் 150 ஆம்ப் சுமார் 15 வாட். இன்று படுக்கையறை ஆம்ப் என்று கடைக்காரர் சொல்லக்கூடிய அளவு. பழைய பதிவுகளைக் கவனித்துக் கேட்டால், அழுத்தி வாசிக்கும் இடங்களில் ஓரத்தில் லேசாக ஒரு சூடு, ஒரு தடிப்பு கேட்கும். ஆம்ப் தன் எல்லையைத் தொடுகிற ஓசை அது. ஒற்றை நோட்டாக வாசித்ததால் அது அழகாகவே அமைந்தது.

பின்னால் வந்தவர்கள் கார்ட்களை அதிகம் வாசித்தார்கள், அரங்குகளும் பெரிதாயின. வெஸ் மான்ட்கமரி கட்டைவிரலால் ஆக்டேவ் (ஒரே நோட்டை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து) வாசித்தவர். ஃபெண்டர் ஆம்ப்புகளையும், பிறகு ஸ்டான்டல் நிறுவனத்தின் ஆம்ப்பையும் வைத்துக்கொண்டார். ஜிம் ஹால் எதிர்த்திசையில் போனார். கிப்சன் ஜிஏ 50 என்ற எளிய ஆம்ப், அதுவும் குறைந்த சத்தத்தில். 1962இல் பியானோ கலைஞர் பில் எவன்ஸோடு அவர் வாசித்த பதிவுகளில் கம்பியில் பிக் படும் ஓசையும் மரத்தின் அதிர்வும்கூடக் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த கிட்டார் ஒலி அதுதான். சத்தத்தைக் குறைத்ததால் கிடைத்த ஒலி அது என்பதை ஆம்ப் வாங்கும்போது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

வால்வா, ட்ரான்சிஸ்டரா

தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் இருந்த அதே வகைக் கண்ணாடிக் குழாய்கள்தான் வால்வு ஆம்ப்பிலும் இருக்கின்றன. கிட்டார்காரர்கள் ட்யூப் என்பார்கள். எல்லையைத் தொடும்போது வால்வு அலையின் உச்சியை மெல்ல மழுக்கும், ட்ரான்சிஸ்டர் திடீரென்று வெட்டும். ராக், ப்ளூஸ் வாசிப்பவர்கள் வால்வை விரும்புவது இதனால்தான். ஜாஸில் நாம் அந்த எல்லைக்கே போவதில்லை. அதனால் வால்வின் பெரிய அனுகூலம் இங்கே சிறிதாகிவிடுகிறது, ட்ரான்சிஸ்டரின் பெரிய குறையும் சிறிதாகிவிடுகிறது.

ஜாஸ்காரர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். டாமி குமினா என்ற அக்கார்டியன் கலைஞர் கலிபோர்னியாவில் தொடங்கிய பாலிடோன் நிறுவனத்தின் மினி ப்ரூட் ஆம்ப்புகள் முழுக்க ட்ரான்சிஸ்டர். சிறிய பெட்டி, சுத்தமான, கொஞ்சம் இருண்ட ஒலி. ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ் போன்றவர்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பாட் மெத்தீனி தன் ஆரம்ப காலப் பதிவுகளில் வாசித்த அக்கூஸ்டிக் 134-ம் ட்ரான்சிஸ்டர்தான். 1975இல் ஜப்பானின் ரோலண்ட் கொண்டுவந்த ஜாஸ் கோரஸ் 120, பெயரிலேயே ஜாஸை வைத்திருக்கிறது. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், பக்கத்துக்கு 60 வாட், கண்ணாடி போல சுத்தம். உலகம் முழுக்க ரிகர்சல் அறைகளில் அது இருக்கும். ஆனால் அதன் ஒலியில் ட்ரெபிள் (மேல்ஸ்தாயிப் பகுதி) கொஞ்சம் கூர்மை, குறைத்து வைக்க வேண்டியிருக்கும். எடை 28 கிலோ.

எடையைச் சும்மா சொல்லவில்லை. ட்வின் ரிவெர்ப் 29 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம். வாசிக்கும் இடம் மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2019இல் ஃபெண்டர் வெளியிட்ட டோன் மாஸ்டர் வரிசையில் அதே ட்வினின் ஒலியை டிஜிட்டலில் உருவாக்குகிறார்கள், எடை சுமார் 15 கிலோ. கண்ணை மூடிக்கொண்டு சுத்த ஒலியில் கேட்டால் வித்தியாசம் சொல்வது கடினம் என்பது என் அனுபவம்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் பின்மூடியைக் கழற்ற வேண்டாம்.

ஸ்பீக்கரும் பெட்டியும்

ஆம்ப்பின் குரலில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருடையது. கிட்டாரின் கீழ் இ கம்பி 82 ஹெர்ட்ஸ், மேல் இ கம்பியில் 22ஆவது ஃப்ரெட் சுமார் 1175 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இருப்பதெல்லாம் நோட்டின் நிறம். கிட்டார் ஆம்ப்பில் போடும் ஸ்பீக்கர்கள் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் எலெக்ட்ரிக் கிட்டாரின் பழகிய உருண்டையான ஒலியைத் தருகிறது. முழு வீச்சு ஸ்பீக்கர் என்றால் கம்பியின் உரசல், விரலின் நகர்வு எல்லாம் கேட்கும்.

ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60 இந்த இரண்டாவது வகை. 60 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், எடை 6.5 கிலோ. அக்கூஸ்டிக் கிட்டாருக்காகச் செய்தது. ஆனால் கையால் செதுக்கிய ஆர்ச்டாப் (மேல்பலகை வளைவான கிட்டார்) வைத்திருக்கும் ஜாஸ்காரர்கள் பலர் விரும்பி வாங்குகிறார்கள். மரத்தின் ஒலியை அது மறைப்பதில்லை என்பதே காரணம். அமெரிக்காவின் ஹென்றிக்சன் ஜாஸ் கிட்டாரை மனதில் வைத்தே செய்கிறது. அதன் பட் என்ற மாடலில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்தான், ஆனால் 120 வாட். இவ்வளவு சிறிய ஸ்பீக்கரிலிருந்து இவ்வளவு கனமான ஒலியா என்று முதலில் கேட்கும்போது ஆச்சரியமாக இருக்கும்.

பின்புறம் திறந்த பெட்டி ஒலியை அறை முழுக்கப் பரப்பும், கீழ்ஸ்தாயி கொஞ்சம் தளர்வாக இருக்கும். மூடிய பெட்டியில் கீழ்ஸ்தாயி இறுக்கமாக, முன்னால் பாய்வது போல வரும். தனியாகக் கார்டையும் மெலடியையும் சேர்த்து வாசிக்க மூடியது நன்றாக இருக்கும். குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவர் இருக்கிறார் என்றால் நம் கீழ்ஸ்தாயி அவருக்கு இடைஞ்சல். அப்போது நம்முடைய பேஸைக் குறைக்கத்தான் போகிறோம், பெட்டி எதுவானாலும் சரி.

திருகுகளைத் திருப்பும் முறை

நல்ல ஆம்ப்பைக்கூடத் தப்பாக வைத்து மோசமாகக் கேட்க முடியும். ஃபெண்டரின் அறுபதுகளின் வடிவமைப்பில், எல்லாத் திருகையும் நடுவில் 5-இல் வைத்தால் அது சமமான ஒலி என்று நினைப்போம். இல்லை. அந்தச் சுற்று இயல்பாகவே 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும்படி அமைந்தது. ஜாஸ் கிட்டாரின் சதைப்பற்று முழுவதும் இருப்பது அங்கேதான். கிட்டத்தட்டச் சமமான ஒலி வேண்டுமென்றால் ட்ரெபிளையும் பேஸையும் 2 பக்கம் இறக்கி, நடுப்பகுதிக்கான மிட் திருகை 10 வரை ஏற்ற வேண்டும். திருகைப் பார்த்தால் விபரீதமாகத் தெரியும், காதுக்கு இதமாக இருக்கும். டீலக்ஸ் ரிவெர்பில் மிட் திருகே கிடையாது, அதனால் ட்ரெபிள், பேஸ் இரண்டையும் தாழ்த்தி வாசிப்பார்கள். அதில் நார்மல் என்ற சேனல் ஜாஸுக்கு இன்னும் இதம், ஆனால் அந்தப் பக்கம் ரிவெர்ப் என்ற எதிரொலி வசதி வராது.

ஆம்ப்பைத் தொடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகளும் உண்டு. கழுத்துப் பக்கத்து பிக்கப்பை (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பகுதி) தேர்ந்தெடுப்பது. கிட்டாரின் டோன் திருகைக் கொஞ்சம் இறக்குவது, முழுவதுமாக அல்ல, அப்படி இறக்கினால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வூண்ட் கம்பிகள், முதல் கம்பி 12 அல்லது 13 கனத்தில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). இவை மூன்றும் சேர்ந்தாலே சாதாரண கிட்டார் பாதி தூரம் ஜாஸ் பக்கம் வந்துவிடும். விலை உயர்ந்த ஆர்ச்டாப் கட்டாயமில்லை. கனடாவின் எட் பிக்கர்ட் வாழ்நாளில் பெரும்பகுதி வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டரில்.

ஆம்ப்பை வைக்கும் இடமும் ஒலியை மாற்றும். தரையில் வைத்தால் பேஸ் கூடும். சுவர் மூலையில் வைத்தால் இன்னும் கூடும். ஒரு நாற்காலியில் தூக்கி வைத்தால் பேஸின் குழப்பம் குறையும், ஸ்பீக்கர் காதுக்கு நேராக வரும். தரையில் இருக்கும் ஆம்ப்பின் உண்மையான ட்ரெபிள் நம் முழங்காலுக்குப் பின்னால்தான் போகிறது. முன்வரிசையில் இருப்பவர் கேட்பது ஒன்று, நாம் கேட்பது வேறொன்று என்று ஆகிவிடும்.

உள்ளே வெற்றிடம் உள்ள ஆர்ச்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஃபீட்பேக் ஒரு தனித் தொல்லை. ஸ்பீக்கரின் ஒலி கிட்டாரின் மேல்பலகையை அதிர வைக்கும், அந்த அதிர்வை பிக்கப் மறுபடி ஆம்ப்புக்கு அனுப்பும், சுற்றிச் சுற்றி ஊளையாக மாறும். பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஒரு நோட்டில் இது தொடங்கும். என் கிட்டாரில் அது கீழ் ஜி. அந்த நோட்டைத் தொட்டாலே உடல் நடுங்கும். ஆம்ப்புக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நகர்வது, பேஸைக் குறைப்பது, எஃப் வடிவத் துளைகளை டேப்பால் மூடுவது எல்லாம் உதவும். நாட்ச் ஃபில்டர் உள்ள ஆம்ப் என்றால் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் நறுக்கி எடுக்கலாம். ஆர்ச்டாப்காரர்கள் ஆம்ப் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது வீண் போகாது.

சரி, எதை வாங்குவது

எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அடுக்குமாடி வீட்டில், இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது என்றால் ஐம்பது வாட் தேவையே இல்லை. சக்தியைக் குறைக்கும் வசதியும் ஹெட்போன் துளையும் இருந்தால் போதும். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 இந்த வகையில் எளிதில் கிடைப்பது. 12 அங்குல ஸ்பீக்கர், சக்தியை அரை வாட் வரை இறக்கலாம். அதில் இருக்கும் பலவகை டிஸ்டார்ஷன்களை மறந்துவிட்டு க்ளீன், அக்கூஸ்டிக் என்ற இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். முதல் ஜாஸ் ஆம்ப்பாக அதற்கு மேல் செலவழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பாடகர், ஒரு பேஸ், நாம் என்று மூன்று பேர் சின்ன இடத்தில் வாசிப்பதானால் ஃபெண்டரின் 12 வாட் ப்ரின்ஸ்டன் ரிவெர்ப்கூடப் போதும். டிரம்ஸ் வந்ததும் கணக்கு மாறும். டிரம்மர் ப்ரஷ் வைத்து வாசிப்பவரா, குச்சி வைத்து வாசிப்பவரா என்பது உங்கள் வாட்டைத் தீர்மானிக்கும். குச்சி என்றால் வால்வில் 40 வாட்டுக்குக் குறையாமல், ட்ரான்சிஸ்டரில் 60, 100 பக்கம் போவது நல்லது. டிஸ்டார்ஷனுக்கு முன்பே நிற்க வேண்டும் என்பதால் ராக்காரரைவிட ஜாஸ்காரருக்குத்தான் அதிக வாட் தேவைப்படுகிறது. பலருக்கு இது நேர்மாறாகத் தோன்றும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வழியாகவோ, பழைய பொருளாகவோ வாங்குகிறவர்கள் பின்பக்கத் தகட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், ஜப்பானில் விற்பது 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. அப்படியே செருகினால் ஒரு நொடியில் கருகிவிடும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் அளவைத் தீர்மானிக்கும்போது ஆம்ப்பின் இசை வாட்டைப் பார்க்கக் கூடாது, தகட்டில் எழுதியிருக்கும் மின்சார நுகர்வைப் பார்க்க வேண்டும். வால்வு ஆம்ப்பில் அது பல மடங்கு அதிகம். புதிய டிஜிட்டல் ஆம்ப்புகள் சில 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்கும், அதுவும் தகட்டிலேயே இருக்கும்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக் கிட்டாரின் கம்பியும் பிக்கப்பும் வேறு, அது சொல்வதை நம்ப முடியாது. ரிவெர்பை அணையுங்கள், அது நிறைய குறைகளை மூடிவிடும். கெயினை (ஆம்ப்புக்குள் வரும் சிக்னலின் பெருக்கம்) தாழ்த்தி, மாஸ்டர் வால்யூமை ஏற்றி, சி மேஜர் 7 ஒன்றைப் பிடித்து மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை அடியுங்கள். அழுத்தியபோதும் பி நோட்டு தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆறாவது கம்பியில் ஒரு பேஸ் வரிசையும் மேலே மெலடியும் சேர்த்து வாசியுங்கள். கீழே கரைந்து போகிறதா, மேலே ஊசியாகக் குத்துகிறதா என்று கேளுங்கள். எதுவும் வாசிக்காமல் வால்யூமை ஏற்றி இரைச்சலையும் கேளுங்கள். மெல்லிய பாட்டுகளுக்கு நடுவே அந்த ஸ்ஸ்ஸ் என்ற ஓசைதான் முதலில் காதில் விழும்.

நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று ஒருமுறை கேட்டுவிடுங்கள், கேட்பவர்கள் இருக்கப்போகும் இடம் அதுதான். அப்புறம் ஆம்ப்பை ஒரு கையில் தூக்கி, இன்னொரு கையில் கிட்டார் பையோடு கடை வாசல் வரை நடந்து பாருங்கள்.